வலி, புகை, மாத்திரை: எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எச்.ஐ.வி.க்கு ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து எடுத்துக்கொண்டு, புகையும் பிடித்துக்கொண்டு, உடம்பில் ஏதோ ஒரு வலியோடு நாளைத் தள்ளுகிறவர்களுக்காக எழுதியது இது. அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களும் படிக்கலாம். நிறைய மருந்துகளின் பெயர் வரும். மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ சரியான கேள்வியைக் கேட்க அவை உதவட்டும். பெயரைப் பார்த்து நீங்களாகவே தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவது பற்றிப் பேச வந்துவிட்டு வலியை ஏன் இழுக்கிறீர்கள்?

மாத்திரை ஏன் தவறியது என்று கேட்டால் "மறந்துட்டேன்" என்பதுதான் பெரும்பாலும் வரும் பதில். அந்த மறதிக்கு முன்னால் என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஓர் இரவை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு ஏ.ஆர்.டி. மாத்திரை. ஒன்பதுக்கே உள்ளங்கால் எரியத் தொடங்குகிறது. போர்வை பட்டால்கூடச் சுரீர் என்கிறது. எழுந்துபோய் ஒரு சிகரெட். கொஞ்சம் தணிகிறது. திரும்பி வந்து படுத்தால் மறுபடி எரிச்சல். வலி மாத்திரை ஒன்று, அது வயிற்றைக் கடிக்காமலிருக்க ஓர் ஆன்டாசிட். இன்னொரு சிகரெட். ஒன்றரை மணிக்கு அசதியில் கண் செருகுகிறது. ஏ.ஆர்.டி. டப்பா தலைமாட்டிலேயே இருக்கிறது, மூடி திறக்கவில்லை. அடுத்த முறை கிளினிக்கில் அது "மறந்துவிட்டார்" என்று பதிவாகும்.

இப்படி ஒருவரிடம் "அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி என்ன பயன்? அலாரம் அடித்தபோது அவர் விழித்துத்தான் இருந்தார். வலி, புகை, தவறிய மாத்திரை மூன்றும் ஒரே முடிச்சு என்று பார்ப்பதே சரி. இதில் வலியின் முனையைப் பிடித்து அவிழ்ப்பதுதான் பலருக்கு எளிது என்பது எங்கள் எண்ணம். ஆனால் அந்த முனையைத்தான் கடைசியில் தொடுகிறார்கள்.

வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. அப்புறம் ஏன் வலிக்கிறது?

வைரஸ் அடங்குவதும் வலி அடங்குவதும் வெவ்வேறு விஷயங்கள். எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களிடம் வலி எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் வெளியான ஒரு மதிப்பாய்வு, குறைந்தது 54 சதவீதம், அதிகபட்சம் 83 சதவீதம் என்று சொன்னது. ஆகவே நீங்கள் ஒன்றும் விதிவிலக்கல்ல.

காரணங்கள் பல. முதல் இடம் நரம்புக்கு. எச்.ஐ.வி. தானாகவே கால் நரம்புகளின் நுனியைச் சேதப்படுத்தும். உள்ளங்காலில் எரிச்சல், ஊசி குத்தல், மரத்துப்போதல் என்று தொடங்கி, சாக்ஸ் போட்ட இடம் முழுக்க ஏறும். பழைய காலத்து மருந்தான ஸ்டாவுடின் இதை இன்னும் மோசமாக்கியது. அதைக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் 2009-ல் அறிவுறுத்தியது. ஆனாலும் அந்தக் காலத்தில் அதைச் சாப்பிட்டவர்களில் பலருக்கு மருந்து போன பிறகும் எரிச்சல் போகவில்லை. காசநோய்க்கோ அதைத் தடுக்கவோ தரும் ஐசோனியாசிட்டும் நரம்பைத் தாக்கக்கூடியது. அதனால்தான் அதோடு பி6 வைட்டமின் தருகிறார்கள். அந்தச் சின்ன மாத்திரையை "வெறும் வைட்டமின்தானே" என்று ஒதுக்கிவைப்பவர்கள் உண்டு. ஒதுக்காதீர்கள்.

அக்கி வந்து ஆறிய இடத்தில் மாதக்கணக்கில் நிற்கும் வலி இன்னொரு வகை. மூட்டு, முதுகு, தலை என்று மற்றவர்களுக்கு வரும் வலிகளும் உங்களுக்கு வரும். தொடை இடுக்கில் நடக்கும்போது வலித்து, நாளாக ஆகக் கூடிக்கொண்டே போனால் இடுப்பு எலும்பின் பந்துக்கு ரத்தம் போகாமல் அது நசிந்துகொண்டிருக்கலாம். எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. ஸ்டீராய்டு, மது, புகை மூன்றும் அதற்குத் தூபம் போடும்.

ஒரு சிகரெட் பிடித்தால் வலி குறைகிறது. இது என் கற்பனையா?

இல்லை, உண்மைதான். நிகோட்டினுக்கு வலியை மட்டுப்படுத்தும் குணம் உண்டு என்று ஆய்வகச் சோதனைகளிலேயே காட்டியிருக்கிறார்கள். மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள சில ஏற்பிகளைத் தூண்டி, வலிச் செய்தியைக் கொஞ்ச நேரம் அமுக்கிவைக்கும். "எல்லாம் மனப்பிரமை" என்று யாராவது சொன்னால் அவருக்கு விஷயம் தெரியாது என்று பொருள்.

சிக்கல் அடுத்த கட்டத்தில். நிகோட்டின் ரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் இரண்டு மணி நேரம் போதும். குறையக் குறைய சிடுசிடுப்பும் பதற்றமும் வரும். அதோடு வலியைத் தாங்கும் சக்தியும் சரியும். அதாவது இரண்டாவது சிகரெட் தணிக்கும் வலியில் ஒரு பங்கு, முதல் சிகரெட் இறங்கியதால் வந்தது. விடிந்து எழும்போது வலி உச்சத்தில் இருக்கிறது, முதல் சிகரெட்டுக்குப் பிறகுதான் உடம்பு நிமிர்கிறது என்று சொல்பவர்களிடம் இதைத் தெளிவாகவே பார்க்கலாம்: இரவு முழுக்க நிகோட்டின் இல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

நீண்ட காலக் கணக்கைப் பார்த்தால், புகைபிடிப்பவர்களுக்கு நாள்பட்ட வலி மற்றவர்களைவிட அதிகம். புகை ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. முதுகெலும்பு வட்டுகளுக்கும் நரம்புகளுக்கும் போகும் பிராணவாயு குறைகிறது. புண் ஆறுவது தள்ளிப்போகிறது. வலிக்கிறது என்று பிடிக்கிறோம், பிடிப்பதால் வலி கூடுகிறது. இந்தச் சுழல் எங்கே தொடங்கியது என்று ஆராய்வதில் பெரிய லாபம் இல்லை.

புகைபிடித்தால் ஏ.ஆர்.டி. மாத்திரை வேலை செய்யாதா?

வேலை செய்யும். "நான்தான் புகைக்கிறேனே, இனி மாத்திரை சாப்பிட்டு என்ன" என்று நினைத்து விடுவதைவிடப் பெரிய தவறு வேறில்லை. புகையிலுள்ள தார் கல்லீரலில் ஒரு நொதியைத் தூண்டிவிட்டு சில மருந்துகளை வேகமாக உடைக்கும். ஆனால் இன்று பரவலாகத் தரும் ஏ.ஆர்.டி. மருந்துகள் பெரும்பாலும் வேறு வழியில் உடைபவை.

இருந்தும், புகைபிடிப்பவர்களிடம் அடங்கிய வைரஸ் மறுபடி தலைதூக்குவது அதிகம் என்று ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அமெரிக்காவில் எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஓர் ஆய்வு 2006-ல் இதைச் சொன்னது. டப்பாவின் மூடி எப்போது திறந்தது என்பதை மின்னணு முறையில் பதிந்து பார்த்தபோதும், புகைபிடிப்பவர்கள் வேளைகளை அதிகம் தவறவிடுவது தெரிந்தது.

புகைக்கும் மாத்திரை தவறுவதற்கும் என்ன தொடர்பு? புகைக்கிறவன் என்றாலே பொறுப்பில்லாதவன் என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவில்லை. மனச்சோர்வு, தூக்கமின்மை, மது, தனிமை, தீராத வலி, இவை ஒவ்வொன்றும் ஒருவரைச் சிகரெட்டை நோக்கித் தள்ளும். அதே வேகத்தில் மாத்திரையை விட்டு விலக்கவும் செய்யும். சிகரெட்டையும் தவறிய வேளையையும் ஒன்றுக்கொன்று காரணமாகப் பார்ப்பதைவிட, இரண்டையும் பெற்றெடுத்த தாய் யார் என்று தேடுவது பயன் தரும்.

வலி மட்டுமே மாத்திரையைத் தவறவைக்கிறதா என்ற கேள்விக்கு ஆய்வுகள் ஒரே குரலில் பதில் சொல்லவில்லை. சிலவற்றில் தொடர்பு வலுவாக இருக்கிறது, சிலவற்றில் இல்லை. வலியோடு மனச்சோர்வும் சேரும்போது நிலைமை மோசமாகிறது என்பதை இந்தத் துறையில் இருப்பவர்கள் நன்றாக அறிவார்கள். வலி இருந்தும் ஒரு வேளைகூட விடாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களை மற்றவர்களுக்கு உதாரணம் காட்டிக் குத்திக்காட்டுவது வேண்டாத வேலை.

இன்னொன்று: சிலர் வலிக்கு ஏ.ஆர்.டி.தான் காரணம் என்று முடிவுகட்டி, "இரண்டு நாள் விட்டுப் பார்ப்போம்" என்று நிறுத்துகிறார்கள். ஸ்டாவுடின் காலத்தில் அந்தச் சந்தேகம் நியாயமானதே. இன்றும் மாத்திரையால் வலி வரவே வராது என்று சொல்ல முடியாது. ஆனால் அதைச் சோதித்துப் பார்க்கும் இடம் கிளினிக். உங்கள் வீடு அல்ல.

ஒரு வேளை தவறிவிட்டது. என்ன செய்வது?

நினைவு வந்ததும் சாப்பிடுங்கள். இன்று பரவலாகத் தரும் ஏ.ஆர்.டி. மருந்தான டோலுடெக்ராவிர் எடுப்பவர்களுக்கு வழக்கமான விதி: அடுத்த வேளைக்கு நான்கு மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் தவறியதை விட்டுவிட்டு அடுத்ததை நேரத்துக்கு எடுக்கவும். மற்ற மருந்துகளுக்கு இந்த இடைவெளி மாறும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எந்த மருந்தானாலும் இரண்டு வேளையை ஒன்றாக விழுங்கக் கூடாது.

எப்போதாவது ஒரு நாள் தவறுவதால் குடி முழுகிப்போகுமா?

முழுகாது. பழைய மருந்துகளின் காலத்தில் நூற்றுக்கு 95 வேளையாவது சாப்பிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்வார்கள். இன்றைய மருந்துகள் அந்த அளவுக்குக் கறாரானவை அல்ல. ஆனால் விட்டுவிட்டுத் தொடர்வது, அதிலும் வலி அதிகமான வாரம் முழுக்க நிறுத்துவது, ஆபத்து. கூட்டு மருந்தில் ஒவ்வொன்றும் உடம்பில் ஒவ்வொரு கால அளவு தங்கும். எஃபாவிரென்ஸ் போன்றது நாள்கணக்கில் மெல்ல மெல்லக் கரையும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நிறுத்தினால், மற்ற மருந்துகள் போன பிறகு அது மட்டும் தனியாக வைரஸோடு மல்லுக்கு நிற்கும். வைரஸ் எதிர்ப்பைக் கற்றுக்கொள்வது அந்த இடைவெளியில்தான்.

மருத்துவர்கள் சொல்லியே இடைவெளி விட்டால் என்ன ஆகும் என்பதையும் ஒரு பெரிய ஆய்வில் பார்த்துவிட்டார்கள். ஸ்மார்ட் என்ற பெயரில், 5,472 பேரை வைத்து நடந்தது. 2006-ல் முடிவு வெளியானது. விட்டுவிட்டு மருந்தெடுத்தவர்களிடம் தொற்று நோய்களும் மரணமும் அதிகம். இதய நோய்கூட அதிகம். ஏற்கெனவே புகையால் இதயத்தைச் சோதித்துக்கொண்டிருப்பவர் இந்தக் கடைசிச் செய்தியைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும்.

வலி மாத்திரையும் ஏ.ஆர்.டி.யும் ஒத்துப்போகுமா?

பெரும்பாலும் போகும். ஆனால் வலிக்கு என்று கடையில் கேட்டு வாங்கும் மருந்துகளில்தான் மோதல்கள் ஒளிந்திருக்கின்றன.

பாரசிட்டமாலில் ஏ.ஆர்.டி.யோடு பெரிய சிக்கல் இல்லை. ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளில் 4 கிராம் உச்ச வரம்பு. ஹெபடைட்டிஸ் பி அல்லது சி இருந்தாலோ, மது பழக்கம் இருந்தாலோ அந்த வரம்பு இன்னும் கீழே. சளி மாத்திரைக்குள்ளும் பாரசிட்டமால் இருக்கும் என்பதை மறந்து கூட்டிக்கொண்டே போகிறவர்கள் உண்டு.

டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வகை வேறு கதை. உங்கள் கூட்டு மருந்தில் டெனோஃபோவிர் இருந்தால், முக்கியமாக டெனோஃபோவிர் டைசோப்ராக்சில் என்றால், இரண்டும் சேர்ந்து சிறுநீரகத்தைப் பதம் பார்க்கலாம். ஒரு நாள் தலைவலிக்குப் போட்டது பற்றிப் பேசவில்லை. முதுகுவலிக்கு மாதக்கணக்கில் தினமும், அதிக அளவில், சமயத்தில் இரண்டு விதமாகக் கலந்து போடுவதைச் சொல்கிறோம்.

அந்த வலி மாத்திரை வயிற்றைக் கடிக்கிறது என்று ஆன்டாசிட் குடிப்பது அடுத்த பொறி. ஆன்டாசிட்டில் உள்ள அலுமினியமும் மக்னீசியமும் டோலுடெக்ராவிரைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். ரத்தத்துக்குப் போக விடாது. டோலுடெக்ராவிரை ஆன்டாசிட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்போ, ஆறு மணி நேரம் கழித்தோ எடுக்க வேண்டும். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கும் இந்த இடைவெளி பொருந்தும். ஆனால் இவற்றை உணவோடு சேர்த்து எடுத்தால் டோலுடெக்ராவிரையும் கூடவே எடுக்கலாம். ஒரு வேளைகூடத் தவறாமல் மாத்திரை விழுங்கியும் வைரல் லோடு ஏறுகிறவர்களிடம் ஆன்டாசிட் பற்றி விசாரிப்பது நல்லது. ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் வகை டோலுடெக்ராவிரைத் தொந்தரவு செய்யாது; ஆனால் ரில்பிவிரின் மாத்திரையோடு அவற்றை எடுக்கவே கூடாது, அட்டாசனாவிரோடும் தவிர்க்க வேண்டும்.

ரிட்டோனாவிர் அல்லது கோபிசிஸ்டாட் உள்ள கூட்டு மருந்து எடுப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். ஒற்றைத் தலைவலிக்கான எர்கோடமின் பக்கமே போகக் கூடாது. விரல்களுக்கு ரத்தம் நின்றுபோகும் அளவுக்கு ரத்தக் குழாய் சுருங்கும். மூட்டு வலிக்கு முழங்காலிலோ தோளிலோ போடும் ட்ரையாம்சினோலோன் ஸ்டீராய்டு ஊசியும் அப்படித்தான். ஒரே ஊசி உடம்பில் வாரக்கணக்கில் தேங்கி, முகம் வீங்கி, சர்க்கரை ஏறி, அட்ரீனல் சுரப்பி படுத்துவிடலாம். எலும்பு மருத்துவரிடம் எச்.ஐ.வி. பற்றிச் சொல்லத் தயங்குவதால் நேரும் விபத்து இது. நோயின் பெயரைச் சொல்ல மனமில்லையா, மருந்துச் சீட்டையாவது நீட்டுங்கள். புகையால் நுரையீரல் கெட்டு இன்ஹேலர் பயன்படுத்துகிறவர்கள் ஃப்ளூட்டிகசோன், புடெசோனைடு என்ற ஸ்டீராய்டுகளின் பெயர்களைப் பார்த்தால் இவையும் ஏ.ஆர்.டி.யோடு ஒத்துப்போகுமா என்று கேளுங்கள்.

நரம்பு வலிக்குச் சில இடங்களில் எழுதித்தரும் கார்பமசெபின் பல ஏ.ஆர்.டி. மருந்துகளின் அளவைச் சரித்துவிடும். கபாபென்டின், பிரீகாபலின் இரண்டிலும் அந்தப் பிரச்சினை இல்லை. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அளவைக் குறைப்பார்கள். ட்ரமடால் போன்ற ஓபியாய்டு மருந்துகளை மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள். அவற்றோடு கபாபென்டினும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும் ஆபத்து இருக்கிறது.

கால் எரிச்சலுக்கு உண்மையில் எது கேட்கிறது?

நேர்மையாகச் சொன்னால், முழுக்கக் கேட்கும் மருந்து எதுவும் இல்லை. எச்.ஐ.வி. நரம்பு வலியில் அமிட்ரிப்டிலினைச் சோதித்தபோது மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிட அது மேலாக நிற்கவில்லை. பிரீகாபலினும் தோற்றது. நீரிழிவு நரம்பு வலியில் உதவும் மருந்துகளே இங்கே தடுமாறுகின்றன. அமெரிக்கத் தொற்றுநோய் நிபுணர்கள் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் கபாபென்டினை முதலில் வைத்தது. மிளகாயின் காரச் சத்தான கேப்சைசினை அடர்த்தியான பட்டையாகப் பாதத்தில் ஒட்டுவதையும் ஒரு வழியாகச் சொன்னது. ஓபியாய்டை முதல் மருந்தாகத் தொடங்க வேண்டாம் என்றது. மாத்திரைகளுக்குச் சமமாக மனநல ஆலோசனை, யோகா, உடற்பயிற்சிச் சிகிச்சை ஆகியவற்றையும் பரிந்துரைத்தது.

எரிச்சல் எல்லாம் எச்.ஐ.வி.யால் என்று எண்ணி நின்றுவிடாதீர்கள். சர்க்கரை, பி12 குறைவு, தைராய்டு, மது இவையும் அதே மாதிரி எரிக்கும். இவற்றில் சிலவற்றைச் சரிசெய்துவிட முடியும்.

புகையை விட்டால் வலி கூடும் என்கிறார்களே?

முதல் சில நாள்கள் கூடலாம். இதை முன்கூட்டியே சொல்லாமல் விடுவதால்தான் பலர் இரண்டாம் மூன்றாம் நாளில் பழைய இடத்துக்குத் திரும்புகிறார்கள். நிகோட்டின் இல்லாத தவிப்பு அந்த நாள்களில்தான் உச்சம். பிறகு இரண்டு முதல் நான்கு வாரத்தில் படிப்படியாக இறங்கும்.

அந்த நாள்களுக்கு ஒரு ஏற்பாடு வேண்டும். நிறுத்தும் தேதிக்கு முன்பே வலி மருந்தை மருத்துவரோடு பேசிச் சீராக்குங்கள். வலி தாறுமாறாக இருக்கும் வாரத்தில் புகையை நிறுத்தத் தேதி குறிக்காதீர்கள். நிகோட்டின் பட்டை ஒட்டினால் சரிவு திடீரென்று இராது. காபி குடிப்பவர்கள் அளவைப் பாதியாக்குவது நல்லது: புகை தூண்டிவிட்ட அதே நொதிதான் கஃபீனையும் உடைக்கிறது. புகை நின்றதும் அது வேகம் குறையும்; பழைய அளவு காபியே படபடப்பையும் தூக்கமின்மையையும் தரும். பலர் அதை நிகோட்டின் தவிப்பு என்று நினைத்துச் சிகரெட்டைத் தேடுகிறார்கள்.

நரம்பு வலிக்கு டுலாக்செட்டின் எடுத்தால் ஒரு சின்னத் தகவல். புகைபிடிப்பவர்களின் ரத்தத்தில் அந்த மருந்து சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவாகவே சேருகிறது. விட்ட பிறகு அதே மாத்திரை சற்று வலுவாகப் பேசலாம். தலைசுற்றல் வந்தால் சொல்லுங்கள்.

விட உதவும் மருந்துகளை ஏ.ஆர்.டி.யோடு எடுக்கலாமா?

எடுக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் நான்கைச் சொல்கிறது: நிகோட்டின் மாற்று (பட்டை, சூயிங்கம் போன்றவை), வரெனிக்லின், புப்ரோபியான், சைட்டிசின். நிகோட்டின் மாற்று ஏ.ஆர்.டி.யோடு மோதாது. வரெனிக்லின் பெரும்பாலும் சிறுநீரகம் வழியே அப்படியே வெளியேறுவதால் கல்லீரலில் ரிட்டோனாவிரோடு முட்டிக்கொள்ளாது, எச்.ஐ.வி. உள்ளவர்களிடமே சோதித்துப் பலன் கண்டிருக்கிறார்கள். புப்ரோபியானின் அளவை எஃபாவிரென்ஸும் லோபினாவிர்-ரிட்டோனாவிரும் குறைத்துவிடும். வலிப்பு வந்தவர்களுக்கு அது ஆகவே ஆகாது.

பட்டை ஒட்டிக்கொண்டே ஒரு சிகரெட் பிடித்துவிட்டால் பட்டையைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. தொடருங்கள்.

முழுக்க விட முடியவில்லை. குறைத்தால் போதாதா?

குறைப்பது விடுவதற்கான வழி என்றால் நல்லது. அதோடு நின்றுவிட்டால் லாபம் எதிர்பார்ப்பதைவிடக் குறைவு. ஒரு நாளைக்கு ஒரே சிகரெட் பிடிப்பவருக்கும், 20 பிடிப்பவரின் கூடுதல் இதய ஆபத்தில் ஏறத்தாழ பாதி இருக்கிறது என்று 2018-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது.

பீடி, சுருட்டு?

வேறுபாடு பார்க்க வேண்டாம். எரிவது புகையிலை.

எச்.ஐ.வி.யே வந்துவிட்டது. புகை அதற்கு மேல் என்ன செய்துவிடும்?

இந்தக் கேள்விக்கு டென்மார்க்கில் விடை தேடினார்கள். மருத்துவ வசதி எளிதாகக் கிடைக்கும் நிலையில், எச்.ஐ.வி. உள்ள ஒரு புகைபிடிப்பவர் எச்.ஐ.வி.யால் இழக்கும் ஆயுள் 5.1 ஆண்டு, புகையால் இழப்பது 12.3 ஆண்டு என்று 2013-ல் வந்த அந்த ஆய்வு கூறியது. இரண்டு மடங்குக்கும் மேல். 2017-ல் அமெரிக்கத் தரவுகளை வைத்துச் செய்த கணிப்பு ஒன்றில், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டே புகைபிடிப்பவர் எய்ட்ஸ் தொடர்பான காரணங்களால் இறப்பதைவிட நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு 6 முதல் 13 மடங்கு என்று வந்தது. மாத்திரை காப்பாற்றிக் கொடுத்த ஆண்டுகளைப் புகை எடுத்துக்கொள்கிறது.

இரவில் வலி வந்தால் மாத்திரை தவறுகிறது. நேரத்தை மாற்றலாமா?

தாராளமாக. "ராத்திரிதான் சாப்பிட வேண்டும்" என்பது எஃபாவிரென்ஸ் தரும் தலைசுற்றலுக்காக வந்த வழக்கம். டோலுடெக்ராவிரைக் காலையிலும் எடுக்கலாம். பலருக்குத் தூக்கமும் அதனால் மேம்படுகிறது. உங்கள் நாளில் வலி குறைவாக இருக்கும் மணி எது என்று ஒரு வாரம் கவனித்துவிட்டு, அந்த மணிக்கு மாற்றித்தரும்படி கேளுங்கள். முதல் சிகரெட்டை ஒருபோதும் மறக்காதவர்கள் சிகரெட் பெட்டியோடு அன்றைய மாத்திரையை வைத்துக்கொள்வதும் நடக்கிறது. பார்ப்பவர்களுக்கு அபத்தமாகத் தெரியலாம், ஆனால் வேலை செய்கிறது. புகையை விடும்போது மட்டும் அந்தக் கொக்கியை வேறு இடத்துக்கு மாற்ற மறக்கக் கூடாது, இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றாகப் போய்விடும்.

கபோட்டெக்ராவிர், ரில்பிவிரின் இரண்டையும் ஒரு மாதத்துக்கு அல்லது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊசியாகப் போடும் முறையும் வந்திருக்கிறது. வைரஸ் அடங்கிய நிலையில் உள்ளவர்களுக்கு, கிடைக்கும் இடங்களில் கேட்டுப் பார்க்கலாம். பிட்டத்தில் போடும் ஊசி. சில நாள் அந்த இடம் வலிக்கும். ஹெபடைட்டிஸ் பி இருப்பவர்களுக்கு இது தனியாகப் போதாது.

என் வீட்டுக்காரர் வலிக்கிறது என்று ராத்திரி முழுக்கப் புகைக்கிறார். மாத்திரையும் விடுகிறார். கேட்டால் சண்டை. என்ன செய்வது?

"சாப்பிட்டீங்களா?" என்ற கேள்வியைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு "கால் இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று ஆரம்பித்துப் பாருங்கள். முதல் கேள்வி அவருக்கு விசாரணை மாதிரி கேட்கும். சிகரெட்டை ஒளித்துவைப்பதால் சண்டைதான் மிஞ்சும். கிளினிக்குக்குக் கூடவே போக முடிந்தால் போங்கள். வலியைப் பற்றி அவர் அங்கே வாய் திறக்காமல் வந்தால், அவர் அனுமதியோடு நீங்கள் சொல்லலாம். உள்ளே புகைக்க வேண்டாம் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, தூக்க மருந்தோ கபாபென்டினோ எடுத்துவிட்டுப் படுக்கையில் புகைப்பது தீ விபத்தில் முடியலாம் என்பதற்காகவாவது.

எந்த வலிக்குக் காத்திருக்கவே கூடாது?

மார்பில் அழுத்தும் வலி, மூச்சுத் திணறலோடு வலி: உடனே அவசரப் பிரிவு. சி.டி.4 (நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை) குறைவாக இருக்கும்போது நாள்தோறும் கூடும் தலைவலி, காய்ச்சல், கழுத்து இறுக்கம், பார்வை மங்கல்: அன்றைக்கே போக வேண்டும், மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். கால்கள் திடீரெனப் பலமிழப்பது, சிறுநீர் கட்டுப்பாடு போவது இவையும் அப்படியே. கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விட்டுவிடுகிறதா? அது காலின் ரத்தக் குழாய் அடைப்பைச் சொல்லும், புகைபிடிப்பவர்களிடம் அதிகம் காணப்படும் வியாதி. அவசரமில்லை, ஆனால் அடுத்த மாதத்துக்குத் தள்ளாதீர்கள். இருமலில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், ஒரே இடத்தில் விடாத மார்பு வலி இருந்தால் காசநோய்க்கும் புற்றுநோய்க்கும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள்.

டாக்டரிடம் ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். புகை, தவறிய மாத்திரை இரண்டையும் சொன்னால் திட்டுவார். எதைச் சொல்வது?

மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். போவதற்கு முன் ஒரு வாரம் ஒரு தாளில் குறித்து வையுங்கள்: வலி பத்துக்கு எத்தனை, எத்தனை சிகரெட், மாத்திரை போட்டேனா. மூன்று கட்டம் போதும், அழகாக இருக்க வேண்டியதில்லை. உள்ளே போனதும் அதை நீட்டி, "ராத்திரி ஒன்பது மணிக்கு மேல கால் எரியுது, பத்துக்கு ஏழு. அப்போ நாலைஞ்சு சிகரெட் போகுது. இந்த வாரம் ரெண்டு வேளை தவறிடுச்சு, ரெண்டும் அந்த மாதிரி ராத்திரியிலதான்" என்று சொன்னால், திட்டுவதற்கு முன் யோசிப்பதற்கு அவருக்கு ஏதோ ஒன்று கையில் இருக்கும். கூடவே வீட்டில் போடும் எல்லா மாத்திரைகளின் அட்டையையும் கொண்டுபோங்கள், கடையில் நீங்களே வாங்கிய ஆன்டாசிட் உட்பட.

தவறிய வேளையை மறைத்தால், வைரல் லோடு ஏறும்போது மருந்து தோற்றுவிட்டது என்று அவர் நினைக்கலாம். தேவையில்லாமல் அடுத்த கட்ட மருந்துக்கு மாற்றவும் செய்யலாம். அந்தக் கட்டத்தில் மாத்திரைகள் அதிகம், மேலே சொன்ன மோதல்களும் அதிகம். திட்டுகிற மருத்துவர் என்றால் அங்குள்ள ஆலோசகரிடமோ செவிலியரிடமோ முதலில் தாளைக் காட்டுங்கள். பல கிளினிக்குகளில் அவர்கள் எழுதிவைத்த குறிப்பைப் பார்த்துவிட்டுத்தான் மருத்துவர் உங்களைக் கூப்பிடுகிறார்.